துட்டு செத்துப் போகுமா?

எங்க உம்மம்மா பணத்தைப் பணம்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. எப்பவும் 'துட்டு'தான். புதுமடத்துல பாதி பேர் அப்படித்தான். அது டச்சுக்காரனோட 'டொய்ட்'ங்கற செப்புக்காசு. 1658ல தூத்துக்குடியைப் போர்த்துகீசியர்கிட்ட இருந்து பிடிச்சவங்க விட்டுட்டுப் போன வார்த்தை.

நம்ம கரையில வெளியூர்க் காசு புதுசில்லை. பாக் நீரிணைப் பக்கம் அழகன்குளத்துல, 1986ல ஆரம்பிச்ச அகழாய்வுல ரோமானியக் காசு கிடைச்சது. யாழ்ப்பாண மன்னர்கள் காசுல நந்தியும், கீழே 'சேது'ன்னு தமிழ் எழுத்தும் இருக்கும்.

1872ல இருந்து சிலோன்ல ஒரு ரூபாய்க்கு நூறு சதம். இங்கயோ 1957 வரைக்கும் பதினாறு அணா. 1914ல தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் ஓட ஆரம்பிச்சப்போ வெள்ளி ரூபாய் ரெண்டு கரையிலும் செல்லுபடி, சில்லறைதான் வேற!

இன்னொரு கதை நிறைய பேருக்குத் தெரியாது. துபாய், கத்தார், பஹ்ரைன் எல்லாம் நம்ம ரூபாய்லதான் புழங்கிட்டு இருந்தாங்க. அந்த ரூபாயை வச்சுத் தங்கக் கடத்தல் நடந்து அந்நியச் செலாவணி கரையுதுன்னு, 1959ல ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்குன்னே வேற கலர்ல தனி நோட்டு அடிச்சது. 1966 ஜூன் 6ஆம் தேதி ரூபாய் மதிப்பை 36.5 சதவீதம் குறைச்சாங்க. துபாயும் கத்தாரும் அந்த வருஷமே ரூபாயைக் கைவிட்டுட்டாங்க. காமரூன், காபோன் பக்கமும் இதே கதைதான். 1994 ஜனவரியில அவங்க சி.எஃப்.ஏ. பிராங்கோட மதிப்பு ஒரே நாள்ல பாதியாச்சு. காசு கையில, முடிவு வேற எங்கயோ.

இதெல்லாம் ஏன் தேடினேன்னா, 2016 நவம்பர் 8. அப்ப நான் காலேஜ்ல. உம்மம்மா மறைச்சு வச்சிருந்ததை எல்லாம் எடுத்துக் கொடுத்தாங்க, மாத்தினோம். அடுத்த வருஷம் அலமாரியைத் துடைக்கும்போது மடிச்ச துணிக்குள்ள இன்னும் ரெண்டு ஐநூறு! கெடு முடிஞ்சு மாசக்கணக்காச்சு.

"துட்டு கூட செத்துப் போகுமாப்பா?"ன்னு கேட்டாங்க. இஞ்சினியரிங் படிக்கிற பேரன்கிட்ட பதில் இல்ல.

இப்ப மீன் வாங்கினாலும் போன்ல ஸ்கேன் பண்றேன். அந்த ரெண்டு நோட்டும் என் பர்ஸ்லதான் இருக்கு. உங்க வீட்டுலயும் இப்படி செத்த துட்டு இருந்தா சொல்லிட்டுப் போங்க மக்களே :)