அந்தமான் சிறை: ஆலிம்கள் சென்ற தீவும் அதைச் சுற்றிய கதைகளும்

சுதந்திர தினம் நெருங்கும்போது நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அந்தமான் செல்லுலார் சிறையின் படம் வலம் வரத் தொடங்கிவிடும். 1857 புரட்சியில் பங்கெடுத்த ஆலிம்கள் இந்தச் சிறையின் இருட்டறைகளில்தான் அடைக்கப்பட்டார்கள் என்று அதன் கீழே எழுதியிருப்பார்கள். "அங்குள்ள கல்வெட்டில் அவர்கள் பெயரைக் காணோமே, மறைத்துவிட்டார்களே" என்ற ஆதங்கமும் கூடவே வரும்.

ஆலிம்கள் அந்தமானுக்குக் கடத்தப்பட்டது உண்மை. அவர்களில் பலர் அங்கேயே வஃபாத்தாகி அந்த மண்ணிலேயே அடக்கமானதும் உண்மை. ஆனால் அவர்கள் அந்தக் கட்டடத்தில் அடைக்கப்படவில்லை. அவர்கள் காலத்தில் அந்தக் கட்டடமே இல்லை. செல்லுலார் சிறையைக் கட்டத் தொடங்கிய ஆண்டு 1896, கட்டி முடித்த ஆண்டு 1906. நம் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும் என்றால் முதலில் இந்த இரண்டு காலங்களையும் பிரித்துச் சொல்ல வேண்டும்.

சுவரில்லாத சிறை

1858 மார்ச் 10 அன்று 200 கைதிகளுடன் ஒரு கப்பல் போர்ட் பிளேர் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அவர்களைக் கொண்டு வந்தவர் ஆக்ரா சிறையின் பொறுப்பில் இருந்த டாக்டர் ஜே.பி. வாக்கர். அன்று அங்கே சிறை என்று ஒன்று கிடையாது. சுற்றிலும் கடல், உள்ளே அடர்ந்த காடு. சாத்தம், ராஸ், வைப்பர் ஆகிய தீவுகளில் கைதிகளே காட்டை வெட்டி, குடிசை போட்டு, அதில் தங்கினார்கள். மலேரியாவும் வயிற்றுப்போக்கும் புண்களும் பலரைக் கொண்டு போயின.

தப்பி ஓடியவர்களும் உண்டு. முதல் சில மாதங்களிலேயே பிடிபட்ட 80க்கும் மேற்பட்டோரை வாக்கர் ஒரே நாளில் தூக்கிலிட்டார். அந்தமானிலிருந்து யாருமே தப்பியதில்லை என்பது பரவலான கதை. தூத்நாத் திவாரி என்ற கைதி தப்பிச் சென்று பல மாதங்கள் அந்தமான் பழங்குடிகளோடு வாழ்ந்திருக்கிறார். 1859 மே மாதம் பழங்குடிகள் குடியிருப்பைத் தாக்க வந்தபோது முன்கூட்டியே வந்து ஆங்கிலேயரிடம் தகவல் சொன்னவரும் அவரே. அதற்குப் பரிசாக அவருக்கு மன்னிப்பு கிடைத்தது.

இதற்கு வழங்கிய பெயர்தான் "காலாபானி". கறுப்புத் தண்ணீர் என்று பொருள். கடல் தாண்டினால் ஊரும் உறவும் சாதியும் போய்விடும் என்று அஞ்சிய மக்களுக்கு அந்தச் சொல்லே பாதித் தண்டனையாக இருந்தது.

தீவில் எழுதப்பட்ட நூல்கள்

இந்த முதல் காலத்தில் அங்கு சென்றவர்களில் பெரும் பெயர் மவ்லானா ஃபள்லே ஹக் கைராபாதி (ரஹ்). தர்க்கக் கலையிலும் அரபு இலக்கியத்திலும் அவர் காலத்தில் அவருக்கு நிகரானவர்கள் குறைவு. கவிஞர் காலிபின் நெருங்கிய நண்பர். 1859இல் ஆயுள் முழுவதும் நாடு கடத்தும் தண்டனை பெற்று அந்தமான் சென்று, 1861இல் அங்கேயே வஃபாத்தானார். 1857 நிகழ்வுகளையும் தன் துயரத்தையும் பற்றி அவர் அங்கிருந்து அரபியில் எழுதியது "அஸ்ஸவ்ரத்துல் ஹிந்திய்யா" என்ற நூல். அது பிற்காலத்தில் "பாகீ ஹிந்துஸ்தான்" என்ற பெயரில் உருதுவில் வந்தது.

அவரைச் சுற்றி இரண்டு கதைகள் வழங்குகின்றன. துணித் துண்டுகளிலும் கிழிந்த தாள்களிலும் கரியால் எழுதி அந்த நூலை மகனுக்கு அனுப்பினார் என்பது ஒன்று. விடுதலை உத்தரவோடு மகன் தீவில் இறங்கியபோது எதிரே தந்தையின் ஜனாஸா வந்தது என்பது மற்றொன்று. மேடையில் இதைச் சொன்னால் கேட்பவர் கண் கலங்கும். ஆனால் ஹதீஸ் கலையில் நமக்கு ஒரு ஒழுக்கம் கற்றுத் தரப்பட்டிருக்கிறது. உறுதியான செய்தியை "சொன்னார்கள்" என்போம், உறுதிப்படாததை "சொல்லப்படுகிறது" என்போம். இந்த இரண்டு கதைகளும் "சொல்லப்படுகிறது" வகை. டெல்லியில் வெளியான ஜிஹாத் ஃபத்வாவில் அவர் கையொப்பமிட்டாரா என்பதிலும் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இவற்றை விட்டாலும் அவருடைய நூலும் தீவில் உள்ள கப்ரும் அவருக்குச் சான்றாக நிற்கின்றன.

அவரோடு அந்தமானில் இருந்தவர் முஃப்தி இனாயத் அஹ்மத் காகோரவி (ரஹ்). கம்பெனி ஆட்சியில் நீதித்துறைப் பதவி வகித்தவர். மதரஸாவில் ஓதியவர்களுக்கு இவர் அந்நியர் அல்ல. ஸர்ஃப் கலையில் இன்றும் பல மதரஸாக்களில் நடத்தப்படும் "இல்முஸ் ஸீகா" இவர் அந்தமானில் இருந்தபோது பாரசீக மொழியில் எழுதியது. "தவாரீகே ஹபீபே இலாஹ்" என்ற ஸீரத் நூலும் அங்கே எழுதப்பட்டதுதான். விடுதலையாகித் திரும்பி கான்பூரில் ஃபைளே ஆம் மதரஸாவை நிறுவினார். 1863இல் ஹஜ்ஜுக்குச் செல்லும் வழியில் கப்பல் மூழ்கி வஃபாத்தானார். நம் பிள்ளைகள் கையில் இருக்கும் பாட நூல் ஒன்று கைதித் தீவில் பிறந்தது என்பதைப் பெரும்பாலான வீடுகளில் நாம் சொன்னதே இல்லை.

அடுத்த அலை 1864 அம்பாலா வழக்கோடு வந்தது. மவ்லானா யஹ்யா அலி, மவ்லவி ஜஃபர் தானேசரி ஆகியோருக்கு முதலில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஷஹாதத் கிடைக்கிறது என்று அவர்கள் மகிழ்ந்ததைக் கண்டு தண்டனையை நாடு கடத்தலாக மாற்றினார்கள் என்று தானேசரி எழுதுகிறார். யஹ்யா அலி 1868இல் அங்கேயே வஃபாத்தானார். தானேசரி சுமார் 18 ஆண்டுகள் கழித்து 1883இல் விடுதலையாகி ஊர் திரும்பினார். தீவின் அன்றாட வாழ்க்கையைக் கைதியின் கண்ணால் காட்டும் "தவாரீகே அஜீப்" அவர் எழுதியது.

ஷேர் அலி: தியாகியா, கொலையாளியா?

1872 பிப்ரவரி 8 மாலை, ஹாரியட் மலையிலிருந்து இறங்கி ஹோப்டவுன் படகுத்துறைக்கு வந்த வைஸ்ராய் மேயோ பிரபு கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். குத்தியவர் ஷேர் அலி என்ற பட்டாணியர். பெஷாவர் பகுதியில் ஆங்கிலேயரிடம் பணியாற்றியவர், குடும்பப் பகைக் கொலை ஒன்றில் தண்டனை பெற்றுத் தீவுக்கு வந்து, அங்கே முடிதிருத்துபவராக இருந்தவர். மார்ச் 11 அன்று வைப்பர் தீவில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

அவரை மாபெரும் விடுதலை வீரர் என்பார் உண்டு. ஆலிம்களின் சதி என்று அன்றைய ஆங்கிலேய அதிகாரிகள் சிலர் ஐயப்பட்டார்கள். விசாரணையில் அப்படி ஒரு சதி நிரூபிக்கப்படவில்லை. அல்லாஹ்வின் கட்டளைப்படி செய்ததாக அவர் சொன்னார் என்பதே பதிவில் உள்ளது. அவர் செயலைப் புகழ்ந்து ஆலிம்களின் பட்டியலில் சேர்ப்பதும், அதைக் காட்டி ஆலிம்களைக் குற்றவாளிகளாக்குவதும் ஒரே தவறின் இரு பக்கங்கள்.

கட்டடம் வந்த பிறகு

1890இல் லயால், லெத்பிரிட்ஜ் என்ற இரு அதிகாரிகள் அந்தமானை ஆய்வு செய்தார்கள். உள்நாட்டுச் சிறையைவிடத் தீவு வாழ்க்கையே மேல் என்று கைதிகள் நினைக்கிறார்கள், எனவே தொடக்கத்தில் கடுமையான தனிமைச் சிறை வேண்டும் என்று அவர்கள் அறிக்கை தந்தார்கள். அதன் விளைவே செல்லுலார் சிறை. நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து பிரியும் ஏழு கிளைகள், மூன்று மாடிகள், ஏறத்தாழ 700 தனி அறைகள். ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகைப் பார்த்திருக்கும். ஒரு கைதி இன்னொருவர் முகத்தைப் பார்க்க முடியாது. அதைக் கட்டியவர்களும் கைதிகளே.

செக்கில் மாட்டைப் போல் மனிதரைப் பூட்டி நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டச் சொன்னது இந்தக் காலத்தில்தான். சாவர்க்கர் சகோதரர்கள், வங்காளத்தின் பரீந்திர கோஷ், உல்லாஸ்கர் தத் ஆகியோர் இங்கே இருந்தார்கள். 1933 உண்ணாவிரதத்தில் வலுக்கட்டாயமாக உணவு புகட்டியதால் மகாவீர் சிங் உள்ளிட்ட மூவர் இறந்தார்கள். 1937இல் நடந்த பெரிய உண்ணாவிரதத்துக்குப் பின், 1938 தொடக்கத்துக்குள் அரசியல் கைதிகள் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அங்குள்ள கல்வெட்டுகளில் வங்காளப் பெயர்களும் பஞ்சாபிப் பெயர்களும் நிறைந்திருப்பதற்குக் காரணம் இதுவே. அது அந்தக் கட்டடத்தில் இருந்தவர்களின் பட்டியல். அரை நூற்றாண்டுக்கு முன் தீவுக்கு வந்தவர்களை அதில் தேடினால் கிடைக்காது.

தண்டனைத் தாளில் "நாடு கடத்தல்" என்றிருந்த எல்லோரும் அந்தமான் போனதும் இல்லை. நம் தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் 1925இல் மறைந்த சுப்பிரமணிய சிவாவுக்கு 1908இல் 10 ஆண்டு நாடு கடத்தல் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது 6 ஆண்டாகக் குறைந்தது. அவர் தமிழகச் சிறைகளிலேயே அதைக் கழித்தார், தொழுநோயோடு வெளியே வந்தார். வ.உ.சி.யும் கோவையிலும் கண்ணூரிலும்தான் இருந்தார்.

மலபாரிலிருந்து சென்ற குடும்பங்கள்

நமக்கு மிக அருகில் நடந்தது மாப்பிள்ளைமார் வரலாறு. மொரப்பூர் நிலையத்தைக் கடந்து சேலம், ஈரோடு என்று மேற்கே போகும் இரயில் பாதை கோவையை அடுத்த போத்தனூரைத் தொடுகிறது. 1921 நவம்பரில் திரூரிலிருந்து சரக்குப் பெட்டியில் அடைத்து அனுப்பப்பட்ட மாப்பிள்ளைக் கைதிகள் மூச்சுத் திணறிக் கிடந்த பெட்டியை அந்தப் போத்தனூரில்தான் திறந்தார்கள். ஏறத்தாழ 70 பேர் இறந்தார்கள்.

உயிர் பிழைத்த மலபார்க் கைதிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தமான் தண்டனையையே நிறுத்த வேண்டும் என்று 1919-20 சிறைக் குழு பரிந்துரைத்த பிறகும் இது நடந்தது. பின்னர் மனைவி மக்களும் வரவழைக்கப்பட்டார்கள். மஞ்சேரி, திரூர், வண்டூர், மன்னார்காடு என்று தாங்கள் விட்டு வந்த ஊர்களின் பெயரையே புதிய கிராமங்களுக்கு வைத்தார்கள். அந்தப் பெயர்கள் இன்றும் அங்கே வழங்குகின்றன, பேரப்பிள்ளைகள் அங்கே வாழ்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

1979 பிப்ரவரி 11 அன்று செல்லுலார் சிறை தேசிய நினைவகமாக அறிவிக்கப்பட்டது. ஏழு கிளைகளில் எஞ்சியவை மூன்றும் நடுக்கோபுரமும்தான். குடும்பத்தோடு செல்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடக் கூடாது. இன்று நேதாஜி பெயர் தாங்கும் ராஸ் தீவையும் வைப்பர் தீவையும் பாருங்கள். கைராபாதி (ரஹ்) அவர்களின் கப்ரை ஜியாரத் செய்யுங்கள். மாப்பிள்ளைக் கிராமங்களில் ஒரு வேளைத் தொழுகையாவது தொழுது வாருங்கள்.

வந்த செய்தியை விசாரித்து உறுதி செய்யுமாறு ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. புகழ்ச்சியான செய்திக்கு அதில் விலக்கு இல்லை. நாம் ஒரு தவறான படத்தைப் பகிர்ந்தால், அதைத் தவறென்று காட்டுபவர் ஆலிம்களின் தியாகத்தையே பொய் என்று சொல்ல வழி பிறக்கும். உள்ளதை உள்ளபடி சொன்னாலே போதும். அந்தத் தீவில் எழுதிய நூல்கள் நம் மதரஸாக்களில் இருக்கின்றன, அவர்கள் கப்ருகள் அந்த மண்ணில் இருக்கின்றன.

அல்லாஹ் அவர்கள் அனைவரின் கப்ருகளையும் ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.