தீப்பெட்டியில் அடங்கிய தனிமங்கள்



தனிமங்களை உலோகம், அலோகம் என இருபாலாகப் பகுத்து நம் பாடநூல்கள் கூறுகின்றன. இப்பகுப்பு எவ்வாறு உருப்பெற்றது என்பதையும், விருதுநகர் மாவட்டத்து மக்களின் வாழ்வோடு அது எவ்வாறு பிணைந்துள்ளது என்பதையும் இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

1789-இல் பிரெஞ்சு அறிஞர் லவாசியே வெளியிட்ட தனிமப் பட்டியலில் உலோகங்களும் அலோகங்களும் தனித்தனியே வைக்கப்பட்டன. கந்தகமும் பாஸ்பரசும் அலோகங்களாயின. பேரியம் அன்று பிரித்தறியப்படவில்லை. அதன் ஆக்சைடே மண்வகைகளுள் ஒன்றாக இடம்பெற்றது. 1808-இல் ஆங்கில அறிஞர் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தின் துணையால் பேரியத்தையும் ஸ்ட்ரான்சியத்தையும் பிரித்தெடுத்தார். 1869-இல் ரஷ்யப் பேராசிரியர் மெண்டலீவ் தனிமங்களை வரிசைப்படுத்தி அட்டவணை அமைத்தார்.

இன்றைய அட்டவணையின் மூன்றாம் வரிசையை நோக்குவோம். இடப்புறம் சோடியம், மக்னீசியம், அலுமினியம் என்னும் உலோகங்கள். வலப்புறம் பாஸ்பரஸ், கந்தகம், குளோரின், ஆர்கான் என்னும் அலோகங்கள். நடுவே இருசாராரின் இயல்பும் கொண்ட சிலிக்கன். வகுப்பில் இவ்வரிசையைக் கற்பிக்கும்போதெல்லாம் நான் சிவகாசியையே எடுத்துக்காட்டாகக் கூறுவேன். ஏனெனில், ஆர்கான் நீங்கலாக இவ்வரிசை முழுவதும் அங்கே தொழில் புரிகிறது. மத்தாப்பின் மஞ்சள் ஒளி சோடியத்தினுடையது. வெள்ளொளி மக்னீசியமும் அலுமினியமும் தருவது. தீக்குச்சியின் முனையில் கந்தகமும், குளோரின் அடங்கிய பொட்டாசியம் குளோரேட்டும் உள்ளன. பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸ். உராய்வுக்காகச் சேர்க்கும் கண்ணாடித்தூளில் இருப்பது சிலிக்கன்.

மழை குறைந்த அந்தக் கரிசல் நாட்டில் வேளாண்மை மட்டும் மக்களைக் காக்கவில்லை. அ. சண்முக நாடாரும் பி. அய்ய நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923-இல் சிவகாசியில் அதனைத் தொடங்கினர். பட்டாசுத் தொழில் பின்னர் வளர்ந்தது.

அவர்கள் தொடங்குமுன்பே ஒரு பெருந்தீங்கு சட்டத்தால் விலக்கப்பட்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தீக்குச்சிகள் வெள்ளைப் பாஸ்பரசால் செய்யப்பட்டன. அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளரின் தாடையெலும்பு அழுகிற்று. 1845-இல் வியன்னாவில் ஷ்ரோட்டர் என்பவர் சிவப்புப் பாஸ்பரசை ஆராய்ந்து, அதுவும் அதே தனிமமே என்று நிறுவினார். தனிமம் ஒன்றே, அணுக்களின் அமைப்பு வேறு, ஆதலின் இயல்பும் வேறு. 1906-இல் பெர்ன் நகரில் நாடுகள் சில கூடி வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சிகளை விலக்க உடன்பட்டன. இந்தியாவில் 1913-இல் தடைச்சட்டம் பிறந்தது.

அலோகத்துக்கு நேர்ந்த கதை உலோகத்துக்கும் நேர்ந்தது. பச்சை ஒளி தருவது பேரியம். நீரில் கரையும் அதன் உப்புகள் நஞ்சு; கரையாத பேரியம் சல்பேட்டையோ மருத்துவர்கள் குடல்நோய் காண ஊடுகதிர்ப் படத்துக்குமுன் பருகத் தருகின்றனர். பட்டாசில் பேரிய உப்புகளைப் பயன்படுத்தலாகாது என 2018-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2021-இல் அதனை வலியுறுத்திற்று. சேர்க்கையிலும் ஆபத்துண்டு. குளோரேட்டும் கந்தகமும் கலந்தால் சிறு உராய்விலும் வெடிக்கக்கூடும். ஆகவே, தீக்குச்சி முனை போன்ற சில பயன்கள் நீங்கலாக, அக்கலவையை மைய அரசு 1992-இல் தடை செய்தது.

இருப்பினும் விபத்துகள் ஓயவில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அலுமினியத்தூளில் ஈரம் பட்டால் சூடு பிறக்கும் என்பது தேர்வுக்குரிய ஒரு விடை மட்டுமன்று. கலவை அறையில் நிற்பவரின் உயிர்க்காப்பு.

மாணவர்களே! உங்களுள் பலருடைய பெற்றோர் இத்தொழிலில் இருக்கின்றனர். நாளை நீங்களே அங்கே வேதியியலாராகவும் போர்மன்களாகவும் அதிகாரிகளாகவும் செல்லக்கூடும். ஒரு தனிமத்தின் பெயரைக் கற்பதோடு நில்லாது, அது எவ்வடிவில் உள்ளது, எதனோடு சேர்கிறது, ஈரமும் உராய்வும் அதனை என்செய்யும் என்று கேட்டுப் படியுங்கள். படித்ததை இல்லத்தாருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.