குவாங்குக்கு எழுதிய கடிதம்

1974இல் பிரான்ஸில் இருந்த ஒரு வியட்நாமியத் துறவி, ஊரில் இருந்த குவாங் என்பவருக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். துறவியின் பெயர் திக் நாட் ஹான். 1966இல் போரை நிறுத்தச் சொல்லிப் பேச அமெரிக்கா போனவரால் பிறகு ஊர் திரும்ப முடியவில்லை. தாய்மண்ணை மறுபடி மிதிக்க 2005 வரை காத்திருந்தார்.

குவாங், சமூக சேவைக்கான இளைஞர் பள்ளியின் முக்கிய ஊழியர்களில் ஒருவர். 1960களின் நடுவில் திக் நாட் ஹான் தொடங்கிய பள்ளி அது. பெயர்தான் பள்ளி, வேலையெல்லாம் கிராமங்களில். குண்டில் சரிந்த வீடுகளை எழுப்புவது, மருந்து கொடுப்பது, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தருவது, வீடிழந்து வந்த குடும்பங்களுக்கு இடம் பார்ப்பது. வட, தென் வியட்நாமைப் பிரித்த எல்லைக்கோட்டுக்கு அருகே இருந்த திரா லொக் என்ற கிராமம் அடுத்தடுத்துக் குண்டுவீச்சில் அழிந்தபோது, ஒவ்வொரு முறையும் இவர்கள் போய்த் திரும்பக் கட்டினார்கள். எந்தத் தரப்பையும் சேராததால் இரு தரப்புக்கும் இவர்கள் மேல் சந்தேகம். 1967 ஜூலையில் பள்ளியின் இளைஞர்கள் நான்கு பேர் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகப்பட்டுச் சுடப்பட்டு இறந்தார்கள்.

இப்படிப்பட்டவர்களுக்கு ஒருவர் கடிதம் எழுதினால் என்ன எழுதுவார்? தைரியமாக இருங்கள் என்றோ, வெறுக்காதீர்கள் என்றோ எழுதலாம். இவர் பாத்திரம் கழுவுவதைப் பற்றி எழுதினார். கழுவி முடித்தபின் குடிக்கப்போகும் தேநீரை நினைத்தபடி கழுவாமல், பாத்திரம் கழுவுவதற்காகவே கழுவுவது எப்படி என்று. மூச்சை எண்ணுவது, வாரத்தில் ஒரு நாளை அவசரமின்றி வாழ்ந்துபார்ப்பது, கமலா ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாகத் தின்பது என்று கடிதம் போகிறது. ஜிம் ஃபாரஸ்ட் என்ற அமெரிக்க நண்பர் எதிர்காலத் திட்டங்களைப் பேசிக்கொண்டே சுளைகளை வாயில் போட்டுக்கொண்டிருந்தாராம். பழம் தின்கிற நினைப்பே அவருக்கு இல்லை. பின்னால் போர் எதிர்ப்புக்காக அவர் சிறைக்குப் போனபோது, அந்தப் பழத்தை ஞாபகப்படுத்தித்தான் திக் நாட் ஹான் அவருக்கு ஒரு குறுங்கடிதம் அனுப்பினார்.

வெளியூரிலிருந்து வந்த உபதேசம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. நாள் முழுக்கச் சாவையும் அழுகையையும் பார்க்கிறவன் சீக்கிரமே உள்ளுக்குள் மரத்துப்போவான், அல்லது கோபத்தில் கொதிப்பான். இரண்டும் வேலையைக் கெடுக்கும். வேலையை விட்டுவிட்டு மடத்துக்குப் போய் உட்காரவும் நேரமில்லை. அதனால் வேலைக்குள்ளேயே, கையில் பாத்திரம் இருக்கும்போதே செய்யக்கூடிய ஒன்று வேண்டியிருந்தது.

கடிதம் எழுதிய அடுத்த ஆண்டு சைகோன் வீழ்ந்தது. புதிய ஆட்சியில் பள்ளி இல்லாமல் போனது. முகவரி அழிந்தது, கடிதம் அழியவில்லை. பாரிஸில் வியட்நாமிய பௌத்த அமைதிக் குழுவோடு இருந்த மோபி ஹோ என்ற அமெரிக்கத் தொண்டர் அதை ஆங்கிலமாக்கினார். சில ஆண்டுகளில் அது அமெரிக்கப் புத்தகக் கடைகளில், அகதி முகாமையே பார்த்திராதவர்கள் கையில் இருந்தது.

அங்கே அது வேறொரு ஓடையோடு கலந்தது. 1979இல் ஜோன் கபாட்-ஜின், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தீராத வலியும் மன அழுத்தமும் உள்ளவர்களுக்கு பின்னாளில் எட்டு வாரப் பயிற்சியாக அறியப்பட்ட ஒன்றைத் தொடங்கினார். அவருடைய குருமார்கள் பல மரபினர். கடிதம் மட்டுமே அதன் மூலம் என்று சொன்னால் பொய்யாகும். ஆனால் 1990இல் அவர் எழுதிய புத்தகத்துக்கு முன்னுரை திக் நாட் ஹானுடையதுதான். கடிதத்தில் கமலா ஆரஞ்சு இருந்த இடத்தில், அந்தப் பயிற்சியின் முதல் வகுப்பில் ஓர் உலர்திராட்சை இருந்தது. மைண்ட்ஃபுல்னெஸ் என்ற பெயரில் இந்தப் பயிற்சி மருத்துவமனையிலிருந்து அலுவலகத்துக்கும் அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கும் போனது. வழியில் அளக்கக்கூடிய சரக்காகவும் ஆனது. அளந்தும் பார்த்தார்கள். பிரிட்டனில் 80க்கும் மேற்பட்ட பள்ளிகளில், 8,000க்கும் அதிகமான மாணவர்களிடம் நடந்த 'மிரியட்' ஆய்வின் முடிவு 2022இல் வந்தது: வழக்கமான பாடத்தைவிட இது மாணவர்களின் மனநலத்தைக் கூட்டவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மருந்து என்று ஊற்றினால் வேறென்ன நடக்கும்?

பள்ளிகளோடு அது நிற்கவில்லை, அகதிச் சிறார்களிடமும் போனது. 2015இல் பெற்றோர் துணையின்றி ஐரோப்பிய ஒன்றியத்தில் அடைக்கலம் கேட்ட சிறார்களின் எண்ணிக்கை, முதலில் வெளியான கணக்கின்படியே 88,300. பாதிக்கு மேல் ஆப்கானியர். இவர்களை எதிர்கொண்ட இளைஞர் மையங்களிலும் மூச்சுப் பயிற்சி புகுந்தது. எட்டு வாரப் பயிற்சியை அப்படியே தூக்கிக்கொண்டு போனவர்கள் சிரமப்பட்டார்கள். கண்ணை மூடிப் படுத்து உடம்பை அங்கம் அங்கமாகக் கவனி என்பது, அடிபட்ட உடம்புக்குக் கதவைத் திறந்துவிடுவது மாதிரி. உள்ளே என்ன காத்திருக்கிறது என்று சொல்கிறவருக்குத் தெரியாது. டேவிட் டிரெலீவன் 2018இல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். கண்ணைத் திறந்தே வைத்துக்கொள்ளலாம். மூச்சு பயமுறுத்தினால் தரையில் பதிந்த பாதத்தையோ வெளியே கேட்கும் சத்தத்தையோ கவனிக்கலாம். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். இந்த அனுமதிகள் இருந்தால்தான் அது பயிற்சி. இல்லாவிட்டால் இன்னொரு அதிகாரி இடுகிற இன்னொரு உத்தரவு. நோன்பு மாதத்தில் திராட்சையை நீட்டக்கூடாது என்பதை எந்தக் கையேடும் பார்க்காமலே யோசித்திருக்கலாம்.

இப்படித் திருத்தி அமைத்தால் பலன் உண்டா? ஹைஃபா பல்கலைக்கழகத்தின் அமித் பெர்ன்ஸ்டைன் குழு, எரித்ரியாவிலிருந்து வந்து அடைக்கலம் கேட்டிருந்த 158 பெரியவர்களிடம் ஒன்பது வாரப் பயிற்சியைச் சோதித்தது. பயிற்சி பெற்றவர்களிடம் அதிர்ச்சியின் பின்விளைவுகளும் மனச்சோர்வும், காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிடக் குறைந்தன. ஓர் ஆய்வுதான், அதுவும் பெரியவர்களிடம். இருந்தாலும் இவர்களுக்கென்றே தைத்த சட்டை இவர்களுக்குப் பொருந்தியது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்தக் கடிதம் வீடிழந்தவருக்கு எழுதியதே அல்ல, அவர்களிடம் போகிற ஊழியருக்கு எழுதியது. முதலில் மூச்சு விடவேண்டியவர் அவர்தான். இன்றைய திட்டங்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாக்கிவிட்டன: பையன் பதற்றமாக இருக்கிறான், அவனை அமைதிப்படுத்து. விசாரணைத் தேதி தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருக்கிறவன் பதறாமல் என்ன செய்வான்? அவன் பதற்றத்தில் நியாயம் இருக்கிறது. அவன் கத்தும்போது தானும் கத்தாத ஒரு பெரியவர் எதிரே இருந்தால், அது அவனுக்கு எந்தப் பயிற்சியைவிடவும் உதவும்.

உள்ளூர்ப் பிள்ளைகளையும் வந்தவர்களையும் ஒரே வட்டத்தில் உட்காரவைப்பதற்கும் கடிதத்தில் வழி இருக்கிறது. அது தியான அறையில் இல்லை, சமையலறையில் இருக்கிறது. ஒன்றாகச் சமைத்து, பேசாமல் பத்து நிமிடம் சாப்பிட்டு, ஒன்றாகப் பாத்திரம் கழுவினால், மொழி தெரியாதவன் அந்தப் பத்து நிமிடமாவது குறைந்தவனாக இருக்கமாட்டான். பேச்சு இல்லாத இடத்தில் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்க யாருக்கும் வாய்ப்பில்லை.

இதையெல்லாம் அமைதியாக இருந்து சமாளிக்கும் வித்தை என்று எடுத்துக்கொள்கிறவர்கள், கடிதம் எழுதியவர் அதற்குப் பிறகு என்ன செய்தார் என்று பார்க்கவேண்டும். 1976 கடைசியில் அவரும் தோழர்களும் சிங்கப்பூரிலிருந்து 'லீப்டால்', 'ரோலண்ட்' என்ற இரண்டு கப்பல்களை வாடகைக்கு எடுத்து, சியாம் வளைகுடாவில் படகுகளில் தத்தளித்த வியட்நாமியர்களை ஏற்றினார்கள். ஏறக்குறைய 800 பேர். செய்தி கசிந்ததும், 24 மணி நேரத்தில் நாட்டைவிட்டு வெளியேறும்படி சிங்கப்பூர் அதிகாரிகள் அவருக்கு உத்தரவிட்டார்கள். கப்பல்களில் மக்கள் இறங்க இடமின்றிக் காத்திருந்தார்கள். அன்றிரவு அவர் மூச்சைக் கவனித்து உட்கார்ந்தார். விடிந்ததும் பிரெஞ்சுத் தூதரகத்துக்குப் போய், தூதரின் உதவியோடு சில நாள் அவகாசம் வாங்கினார்.