முரசின்மேல் எழுந்த கலை

வணிகம் புகுந்த இடத்தில் கலை வாழாது என்னும் கருத்து நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. திரைப்படத்தின் பளபளப்பு கண்ணை மயக்குமேயன்றிக் கருத்தை வளர்க்காது என்று ஒதுக்கிவிடுகிறோம். வரலாறு இதனை முற்றும் ஏற்கின்றதா என நோக்குவோம்.

1948ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்தது ஜெமினியின் 'சந்திரலேகா'. அதனை இயக்கித் தயாரித்த எஸ்.எஸ். வாசன், இதழாசிரியராவதற்கு முன்பே விளம்பரத் தொழிலில் பழகியவர். மக்கள் கண்களை ஈர்ப்பது எங்ஙனம் என்பதை அங்கே கற்றவர். அப்படத்திற்கு ஏறத்தாழ 30 இலட்சம் ரூபாய் செலவாயிற்று என்பர். அக்காலத்தில் அது மலைக்கத்தக்க தொகை. அதே ஆண்டில் இந்தியிலும் வெளியிட்டு, நாடெங்கும் பெரும் விளம்பரம் செய்தார். இது வணிகமே, ஐயமில்லை.

ஆயினும் அப்படத்தின் முரசு நடனத்தை எண்ணிப் பாருங்கள். கலை இயக்குநர் ஏ.கே. சேகர் அமைத்த அரங்கில், வரிசை வரிசையாக நிற்கும் மாபெரும் முரசுகள்மேல் நூற்றுக்கணக்கான நங்கையர் ஆடுகின்றனர். ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள் ஒளிந்திருந்த வீரர்கள் வெளிப்பட்டுப் போரிடுகின்றனர். முதலில் ஆடுகளமாக இருந்த முரசே பின்னர்ப் படை மறைந்த பாசறையாகிறது. கொடியவன் மயங்கியதும் அவ்வழகில்; வீழ்ந்ததும் அதனால்தான். இங்கே ஆடம்பரம் கதைக்குப் புறம்பான பூச்சு அன்று. கதையே அதன்மேல்தான் நிற்கின்றது.

இன்னொன்றும் கருதத்தக்கது. நடன மேதை உதயசங்கர் கலை நோக்குடன் உருவாக்கிய 'கல்பனா' படமாக்கப்பட்டதும் அதே ஜெமினி படப்பிடிப்பு நிலையத்தில்தான். வெளிவந்ததும் அதே 1948இல்தான். கலைக்கும் வணிகத்திற்கும் ஒரே கூரை நிழல் தந்தது.

இதனால் பளபளப்பு அனைத்தும் கலை என்று கூற வந்தேனல்லேன். 'சந்திரலேகா'விலேயே நீளும் சர்க்கஸ் காட்சிகளிற் சில, வேடிக்கை என்ற அளவில் நின்றுவிடுகின்றன. செய்யுளில் அணியை ஆராயும் மாணவர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. பொருளைத் தாங்கும் அணியும் உண்டு. பொருளை மறைக்கும் அணியும் உண்டு. அவ்வளவுகோலைத் திரைக்கும் கொள்ளுதல் தகும். நாம் வெறுத்து ஒதுக்கினாலும் மாணவர் திரைப்படம் பார்க்கத்தான் செய்வர். ஆராய்ந்து பார்க்கப் பழக்குவதே ஆசிரியர் கடன்.

மின்னுவதெல்லாம் பொன்னன்று, ஆயின், மின்னுகின்ற காரணத்தாலேயே ஒன்று பித்தளை ஆகிவிடுவதுமில்லை.