இல்லாத ராக்கெட்டுகளை எண்ணிய காலம்

1955ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மாஸ்கோவை அடுத்த துஷினோ விமானத் திடலில் சோவியத் விமானப்படை நாள் விழா நடைபெற்றது. அழைக்கப்பட்டு வந்திருந்த அயல்நாட்டுத் தூதரகப் படை அதிகாரிகள், நான்கு ஜெட் எந்திரங்கள் பூண்ட புதிய நெடுந்தூரக் குண்டுவீச்சு விமானங்கள் அணியணியாகத் தலைக்கு மேல் செல்வதைக் கண்டனர். மேலைநாட்டார் அவ்விமானத்துக்கு இட்டிருந்த பெயர் 'பைசன்', அஃதாவது காட்டெருது. ஓரணி சென்று மறைந்ததும் மற்றோரணி வந்தது, அதன்பின் இன்னோரணி. அதிகாரிகள் எண்ணினார்கள், எண்ணிய கணக்கு வாஷிங்டனுக்குச் சென்றது. முன்னர்ப் பறந்த விமானங்களே கண்ணுக்கெட்டாத தொலைவில் சுற்றித் திரும்பி வந்து மீண்டும் பறந்தன என்ற செய்தி பின்னரே தெரியவந்தது.

இச்சிறு சூழ்ச்சி பலித்தது ஏன் என்பதை அறிதல் வேண்டும். அக்காலத்துச் சோவியத் நாடு பூட்டிய வீடு. தொழிற்சாலைகளின் கணக்கு வெளிவருவதில்லை. அயலார் விரும்பிய ஊருக்குச் செல்ல இயலாது. 1949 ஆகஸ்டில் ரஷ்யர் அணுகுண்டை வெடித்துச் சோதித்தபோது, வானில் பரவிய கதிரியக்கத் துகள்களைக் கொண்டே அமெரிக்கர் அதனை அறிந்தனர். அவ்வளவு விரைவில் அது நிகழும் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. ஒருமுறை குறைத்து மதிப்பிட்டு ஏமாந்தவன் மறுமுறை கூட்டி மதிப்பிடுவது மனித இயல்பு. விழாவில் கண்ட விமானங்களின் தொகை, தொழிற்சாலையின் பரப்பு, ஆண்டுக்கு எத்தனை கட்டலாம் என்ற ஊகம் ஆகிய மூன்றையும் பெருக்கி, 1960ஆம் ஆண்டின் நடுவில் ரஷ்யரிடம் 800 நெடுந்தூரக் குண்டுவீச்சு விமானங்கள் இருக்கக்கூடும் என 1956இல் அமெரிக்க உளவுத்துறையினர் மதிப்பிட்டனர். உண்மைத் தொகை அதில் நான்கில் ஒரு பங்கையும் எட்டவில்லை. மதிப்பிட்டோர் பொய்யர் அல்லர். எனினும், மிகப் பெரிய தொகையைக் கூறிய விமானப்படைக்கே புதிய விமானங்களுக்கான பணமும் வேண்டியிருந்தது என்பதை மறந்துவிடலாகாது.

பூட்டிய வீட்டினுள் மேலிருந்து நோக்கும் வழியொன்றை அமெரிக்கர் மறைவாகத் தேடிக்கொண்டிருந்தனர். லாக்ஹீட் நிறுவனத்துப் பொறியாளர் கெல்லி ஜான்சன் வடித்த யூ-2 என்னும் வேவு விமானம், நீண்டு மெலிந்த இறக்கைகளோடு ஏறத்தாழ 70,000 அடி உயரத்தில் பறந்தது. 1956 ஜூலை 4ஆம் நாள், அமெரிக்கரின் விடுதலை நாளன்று, அது முதன்முதலாகச் சோவியத் நாட்டின்மேல் பறந்து லெனின்கிராடு வட்டாரத்தைப் படம் பிடித்தது; மறுநாள் மாஸ்கோவின்மேலும் சென்றது. அத்தொடக்கப் பறப்புகளில் ஒன்பது குண்டுவீச்சு விமானத் தளங்கள் படத்தில் அகப்பட்டன. ஒன்றிலும் பைசன் இல்லை.

ரஷ்யர் இதனை அறியாமலில்லை. ரேடார் கருவியில் விமானத்தைக் கண்டு, எதிர்ப்புக் குறிப்பும் அனுப்பினர். ஆனால் அதனைச் சுட்டு வீழ்த்தும் கருவி அவர்களிடம் அப்பொழுது இல்லை. தலைநகரின்மேல் பறக்கும் பகைவிமானத்தைத் தடுக்க இயலவில்லை என்று உலகறியக் கூற எந்த அரசுதான் விரும்பும்?

1957இல் நிலைமை மாறியது. ஆகஸ்டில் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ராக்கெட்டைச் சோதித்துவிட்டதாக மாஸ்கோ அறிவித்தது. அக்டோபர் 4ஆம் நாள் அதே ராக்கெட் முதல் செயற்கைத் துணைக்கோளான ஸ்புட்னிக்கை விண்ணில் ஏற்றியது. அமெரிக்க மக்கள் நடுங்கினார்கள். செர்கேய் கொரலியோவ் வடித்த ஆர்-7 என்னும் அந்த ராக்கெட் வியத்தகு பொறியே; அவ்வழி வந்த ராக்கெட்டுகளே இன்றும் ரஷ்ய விண்வெளி வீரர்களை ஏற்றிச் செல்கின்றன. எனினும் போர்க்கருவி என்ற வகையில் அது குறையுடையது. அதற்கு மாபெரும் ஏவுமேடையும் புகைவண்டிப் பாதையும் வேண்டும். குளிரூட்டிய திரவ ஆக்சிஜனை ஏவுமுன்தான் நிரப்ப வேண்டும். நிரப்பி நெடுநேரம் நிறுத்தி வைத்தல் இயலாது. கனத்த அணுகுண்டைச் சுமப்பதற்காகப் பெரிதாகச் செய்யப்பட்ட அதன் பருமனே விண்வெளிக்கு வாய்ப்பாயிற்று, போருக்கு இடையூறாயிற்று. இதனை மாஸ்கோ அறியும்; வாஷிங்டன் அறியாது.

அவ்வறியாமையைக் குருஷ்சேவ் நன்கு பயன்படுத்திக்கொண்டார். தொழிற்சாலையில் கொத்திறைச்சிக் குழல்கள் வெளிவருவதுபோல் தம் நாட்டில் ராக்கெட்டுகள் வெளிவருகின்றன என்று அவர் பெருமை பேசினார். நம்மிடம் இரண்டு மூன்றே இருக்கையில் இப்படிச் சொல்லலாமா என்று தாம் வினவியதையும், அமெரிக்கர் நம்ப வேண்டும், அதுவே போதும் என்னும் கருத்துப்படத் தந்தை விடையிறுத்ததையும் அவர் மகன் செர்கேய் பிற்காலத்தில் எழுதியுள்ளார்.

அமெரிக்கர் நம்பத்தான் செய்தனர். 1957 நவம்பரில் கேய்தர் குழு என்னும் அறிஞர் குழுவின் மறைமுக அறிக்கை அச்சம் தரும் செய்திகளோடு குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவரிடம் அளிக்கப்பட்டது. டிசம்பரில் அதன் சாரம் செய்தித்தாளில் கசிந்தது. 1960களின் தொடக்கத்தில் ரஷ்யரிடம் 500 நெடுந்தூர ராக்கெட்டுகள் இருக்கலாம் என மதிப்பீடுகள் எழுந்தன. பத்திரிகையாளர் ஜோசப் ஆல்சப் எழுதினார். செனட்டர் சைமிங்டன் முழங்கினார். 1958 ஆகஸ்டில் செனட்டர் கென்னடியும் 'ஏவுகணை இடைவெளி' பற்றிப் பேசினார்.

ஐசன்ஹோவரோ வாயடைத்து இருந்தார். பெரும்போரில் படைநடத்திய தளபதியாதலின், இந்த எண்களை அவர் ஐயுற்றார். ஆனால் ஐயத்துக்குக் காரணம் கூறவேண்டுமானால் யூ-2 விமானத்தை வெளியிட வேண்டும். திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இந்நிலை எளிதில் விளங்கும். ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப்பார்க்கச் சொல்லும் வள்ளுவர், அவ்வதிகாரத்தை முடிக்கும்போது, ஒற்றனுக்குப் பலரறியச் சிறப்புச் செய்தால் மறைபொருளை அரசனே வெளியிட்டவனாவான் என்று எச்சரிக்கிறார். ஆனால் வள்ளுவரின் அரசனுக்குத் தேர்தல் இல்லை. நாடாளுமன்றமும் வாக்காளரும் கேட்கும் வினாவுக்கு விடை கையில் இருந்தும் கூறமுடியாத இக்கட்டு இக்காலத்துக்கே உரியது.

கையில் இருந்த விடையும் முழுமையானதன்று. சோவியத் நாட்டின் பரப்பு 2 கோடி சதுர கிலோமீட்டருக்கும் மேல். யூ-2 விமானம் நான்காண்டுகளில் ஏறத்தாழ 24 முறையே அதனைக் கடந்தது. பெரிய ராக்கெட்டுக்குப் புகைவண்டிப் பாதை வேண்டும் என்பதால் பாதைகளைத் தொடர்ந்து பறந்து தேடினார்கள். சோதனைத் தளம் கிடைத்தது, போர்த்தளங்கள் கிடைக்கவில்லை. 'காணோம், ஆகவே இல்லை' என்றனர் ஒரு சாரார்; 'காணோம், ஆகவே மறைத்துவிட்டார்கள்' என்றனர் மறு சாரார். பின்னவர் கூற்றை எந்தப் படத்தாலும் மறுக்க முடியாது என்பதுதான் அதன் வலிமை.

1960 மே 1ஆம் நாள் பெஷாவரிலிருந்து புறப்பட்ட யூ-2 சுவெர்ட்லோவ்ஸ்க் அருகே வீழ்த்தப்பட்டது. வானிலை ஆராயும் விமானம் வழிதவறியது என்று அமெரிக்கா அறிவித்த பின்னரே, விமானி பவர்ஸ் உயிரோடு தம்மிடம் இருப்பதைக் குருஷ்சேவ் வெளியிட்டார். பாரிசில் கூடவிருந்த வல்லரசுகளின் மாநாடு முறிந்தது.

அவ்வழி அடைபட்ட சில மாதங்களில் வேறொரு வழி திறந்தது. ஆராய்ச்சித் துணைக்கோள் என்ற பெயரில் ஏவப்பட்டவற்றுள், கொரோனா என்னும் மறைபெயர் பூண்ட வேவுக் கருவி பலமுறை தோல்வியுற்றது. 1960 ஆகஸ்டில் விண்ணிலிருந்து படச்சுருள் பெட்டகம் ஒன்று பாராசூட்டில் இறங்க, ஹவாய்க்கு அப்பால் விமானமொன்று அதனை நடுவானில் கொக்கியிட்டுப் பிடித்தது. யூ-2 பறப்புகள் அனைத்தும் சேர்ந்து கண்டதினும் மிகுதியான நிலப்பரப்பு அந்த ஒரே சுருளில் இருந்தது. இதனை அமெரிக்க மக்கள் 1995இல்தான் அரசின் வாயால் அறிந்தனர்.

ஏவுகணை இடைவெளியை உரக்கப் பேசிய கென்னடி 1960 தேர்தலில் வென்றார். 1961 பிப்ரவரியில் அவருடைய பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா, அத்தகைய இடைவெளி இல்லை என்று செய்தியாளரிடம் கூறிவிட, வெள்ளை மாளிகை அவசர அவசரமாக மறுத்தது! செப்டம்பரில் உளவுத்துறையின் புதிய மதிப்பீடு வந்தது: ரஷ்யரிடம் உள்ள நெடுந்தூர ராக்கெட் ஏவுமேடைகள் 10 முதல் 25 வரை. உண்மையில் அவை விரல்விட்டு எண்ணத்தக்கனவே. ஆர்-7க்கு மாற்றாக வந்த ஆர்-16, 1960 அக்டோபர் 24ஆம் நாள் ஏவுமேடையிலேயே வெடித்து, மார்ஷல் நெடெலின் உள்ளிட்ட பலரைப் பலிகொண்டிருந்தது. அச்செய்தியைச் சோவியத் அரசு 1989 வரை மறைத்தது.

1961 அக்டோபரில் துணைப் பாதுகாப்பு அமைச்சர் கில்பாட்ரிக், தம்மிடம் 600 கனரகக் குண்டுவீச்சு விமானங்களும், 96 ஏவுகணைகள் தாங்கிய 6 பொலாரிஸ் நீர்மூழ்கிகளும், பல டஜன் நெடுந்தூர ராக்கெட்டுகளும் உள்ளன என்று வெளிப்படையாகக் கூறினார். இடைவெளி இருந்தது, ஆனால் எதிர்ப்பக்கமாக இருந்தது. அது தெரிந்தபின்னும் அச்சத்தில் தொடங்கிய திட்டங்கள் நிற்கவில்லை. அப்பத்தாண்டிலேயே 1,000 மினிட்மேன் ஏவுகணைகள் நிலத்தடிக் கிடங்குகளில் நிறுத்தப்பட்டன. ஒரு வாய்ச்சொல்லுக்கு இவ்வளவு பெரிய விடை வரலாற்றில் அரிது.

வேடம் கலைந்த குருஷ்சேவ், தம்மிடம் மிகுதியாக இருந்த நடுத்தூர ஏவுகணைகளை 1962இல் கியூபாவுக்கு அனுப்பினார். கியூபாவைக் காத்தலோடு, இக்குறையை ஈடுசெய்தலும் அதற்கு ஒரு காரணம் என வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். இம்முறை யூ-2 படங்கள் தெளிவாக இருந்தன; ஏவுமேடைகளை அமெரிக்கர் ஒவ்வொன்றாக எண்ணினார்கள். ஆனால் தீவில் ஏறத்தாழ 10,000 சோவியத் வீரர் உள்ளனர் என்று கருதினர்; இருந்தவர்களோ 40,000க்கும் மேற்பட்டோர். கரையிறங்கும் படையை எதிர்க்கக் கூடிய குறுந்தூர லூனா ராக்கெட்டு படத்தில் தெரிந்தது. அதற்குரிய அணுகுண்டுகளும் தீவுக்கு வந்துவிட்டன என்பது எவருக்கும் உறுதியாகத் தெரியாது. அத்தீவின்மேல் படையெடுக்க வேண்டும் என்று தளபதிகள் வற்புறுத்தியது இந்நிலையில்தான். முப்பதாண்டுகள் கழித்து, 1992 ஜனவரியில் ஹவானாவில் நடந்த கருத்தரங்கில் சோவியத் தளபதி கிரிப்கோவ் அதனை வெளியிட்டபோது, எதிரே அமர்ந்து கேட்டவர்களுள் மக்னமாராவும் ஒருவர்.