பாட்டு ஹிட்.. ஆனா காசு யாருக்கு? சொந்தமா மியூசிக் லேபிள் தொடங்குறவங்க தெரிஞ்சுக்க வேண்டியவை

ஒரு மைக், ஒரு லேப்டாப், ஒரு யூடியூப் சேனல் இருந்தால் யார் வேண்டுமானாலும் பாட்டு வெளியிடலாம் என்ற நிலை வந்துவிட்டது. ‘சினிமா வாய்ப்புக்கு ஏன் காத்திருக்கணும், நாமளே ஒரு லேபிள் ஆரம்பிச்சா என்ன?’ என்று யோசிக்கும் இளைஞர்களும் அதிகரித்துள்ளனர். ஆனால் லேபிள் என்பது பாட்டை அப்லோடு செய்யும் சேனல் மட்டும் அல்ல. பாட்டின் உரிமையை வாங்கி, பாதுகாத்து, வரும் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் தொழில் அது. எப்படி இயங்குகிறது? எங்கே சறுக்குகிறது? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு பாட்டு, இரண்டு சொத்து

ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு தனித்தனி உரிமைகள் உள்ளன. ஒன்று, வரிகளும் மெட்டும். இது பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரியது. இன்னொன்று, பதிவு செய்யப்பட்ட ஒலி. இதைத்தான் ‘மாஸ்டர்’ என்கிறார்கள்.

இந்தியச் சட்டப்படி, ஒலிப்பதிவைச் செய்ய முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவரே அதன் தயாரிப்பாளர். ஆகவே, பாடகர் தன் வீட்டிலேயே பதிவு செய்து அனுப்பிய பாட்டு, லேபிள் வெளியிட்டதாலேயே லேபிளுக்குச் சொந்தமாகிவிடாது. எழுதி வாங்க வேண்டும். மாஸ்டருக்கான காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும்.

எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும்?

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1978-ல் தொடங்கப்பட்ட ‘ஃபாக்டரி ரெக்கார்ட்ஸ்’ இதற்கு நல்ல உதாரணம். ஜாய் டிவிஷன், நியூ ஆர்டர் போன்ற பெரிய இசைக்குழுக்கள் அதில் இருந்தன. ஆனால் ‘இசை கலைஞர்களுக்கே சொந்தம்’ என்ற கொள்கையில், முறையான ஒப்பந்தங்கள் போடப்படவில்லை. கடன் நெருக்கியபோது, லண்டன் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் வாங்க முன்வந்தது. ஆனால் விற்பதற்கு ஃபாக்டரியிடம் பாட்டுகளின் உரிமையே இல்லை. 1992-ல் நிறுவனம் திவாலானது.

இதற்கு நேர்மாறானது அமெரிக்காவின் ‘மோட்டவுன்’. பெர்ரி கார்டி 1959-ல் குடும்பத்தினரிடம் 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கினார். 1988-ல் லேபிளை 6.1 கோடி டாலருக்கு விற்றபோதும், வரிகள், மெட்டுகளின் உரிமையை வைத்திருந்த ‘ஜோபெட்’ நிறுவனத்தை விற்கவில்லை. அதன் பாதிப் பங்கு மட்டுமே 1997-ல் 13.2 கோடி டாலருக்கு விலைபோனது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால், உரிமை 5 ஆண்டுக்கு மட்டுமே. எந்தெந்த நாடு என்று எழுதாவிட்டால், இந்தியாவுக்கு மட்டுமே. வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாத வரை, அது காலாவதியாகிவிடும்.

இன்னொரு முக்கியமான விஷயம். 2012-ல் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டியை லேபிளுக்கு விட்டுக்கொடுக்க முடியாது. உரிமையை வாங்கியவரோடு அதைச் சமமாகப் பங்கிட வேண்டும். ‘எல்லா உரிமையும் எங்களுக்கே’ என்று கையெழுத்து வாங்கினாலும் இந்த இடத்தில் அது செல்லாது.

காசு எங்கிருந்து வருது?

ஸ்ட்ரீமிங்: ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் நேரடியாகப் பாட்டை ஏற்ற முடியாது. விநியோக நிறுவனம் மூலம்தான் போக வேண்டும். ‘ஒரு தடவை கேட்டா இத்தனை பைசா’ என்ற நிலையான விலையும் கிடையாது. மொத்த வருமானத்தில் உரிமையாளர்களுக்கான தொகை, யார் பாட்டு எவ்வளவு கேட்கப்பட்டது என்ற விகிதத்தில் பிரிக்கப்படுகிறது. 2024 முதல், கடந்த 12 மாதங்களில் 1,000 முறைகூட கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபையில் ஒலிப்பதிவு ராயல்டி இல்லை.

யூடியூப்: சொந்த சேனலின் விளம்பரம் தவிர, மற்றவர்கள் அந்தப் பாட்டைப் பயன்படுத்தும் வீடியோக்களிலிருந்தும் ‘கன்டென்ட் ஐடி’ வசதி மூலம் வருமானம் வரும்.

ஐபிஆர்எஸ்: டிவி, ரேடியோ, ஹோட்டல், மேடை நிகழ்ச்சி போன்றவற்றில் பயன்படும் வரிகளுக்கும் மெட்டுக்கும் இந்த அமைப்பு ராயல்டி வசூலிக்கிறது. உறுப்பினராகி, பாட்டைப் பதிவு செய்தால்தான் பங்கு வரும்.

இவை தவிர விளம்பரம், படம், வெப் சீரிஸுக்கு உரிமம் கொடுப்பது, கச்சேரி, டி-ஷர்ட் விற்பனை ஆகியவையும் உண்டு.

பங்கு பிரிப்பதில் சிக்கல் எங்கே?

உதாரணத்துக்கு, ஒரு பாட்டுக்கு லேபிள் 3 லட்சம் ரூபாய் செலவு செய்கிறது. செலவைக் கழித்த பிறகு மாஸ்டர் வருமானத்தில் சரிபாதி என்பது ஒப்பந்தம். 5 லட்சம் வந்தால், பாடகருக்கு 1 லட்சம்தான். 3 லட்சமே வந்தால் பூஜ்ஜியம். எதெல்லாம் செலவு, ஒரு பாட்டின் நஷ்டத்தை அடுத்த பாட்டின் வருமானத்தில் கழிக்கலாமா, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கணக்கு காட்ட வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதாவிட்டால், சண்டை இங்கேதான் தொடங்கும்.

2021-ல் வெளியாகி உலகம் முழுக்கக் கேட்கப்பட்ட ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானம் வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் வெளிப்படையாகக் கூறினார். யார் பக்கம் சரி என்பது தனி விவாதம். ஆனால் எவ்வளவு பெரிய ஹிட்டாக இருந்தாலும், கணக்கில் தெளிவு இல்லை என்றால் உறவு முறியும் என்பதை அந்தச் சர்ச்சை காட்டியது.

தொடங்க என்னென்ன வேண்டும்?

• பாட்டில் பங்குள்ள ஒவ்வொருவருக்கும் எத்தனை சதவீதம் என்று, வெளியீட்டுக்கு முன்பே கையெழுத்திட்ட தாள்.
• ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் 12 எழுத்து-எண் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீடு. விநியோக நிறுவனங்களே பெரும்பாலும் தந்துவிடும்.
• லேபிள் பெயருக்கு டிரேட்மார்க், தனி வங்கிக் கணக்கு. ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு.
• குறைந்தது ஆறு மாதத்துக்கான கையிருப்பு. பாட்டு வெளியான உடனே பணம் வராது, முதல் கணக்கு வரவே சில மாதங்கள் ஆகும்.

வளர்வது எப்படி?

ஒரே ஒரு ஹிட்டை நம்பி லேபிள் ஓடாது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இயங்கும் ‘சப் பாப்’, 1988-ல் ஒரு சந்தா திட்டம் தொடங்கியது. ரசிகர்கள் முன்பணம் கட்டினால், மாதம் ஒரு இசைத்தட்டு தபாலில் வரும். முதலில் அனுப்பப்பட்டது, அப்போது பெயர் தெரியாத நிர்வானா குழுவின் இசைத்தட்டு. பாடகரை நம்பி அல்ல, லேபிளின் ரசனையை நம்பி மக்கள் பணம் கட்டினார்கள்.

அந்த நம்பிக்கை ரசிகர்களிடம் மட்டும் இருந்தால் போதாது, கலைஞர்களிடமும் வேண்டும். சொன்ன தேதியில் கணக்கும் காசும் போய்ச் சேரும் லேபிளுக்குத்தான், அடுத்த நல்ல பாட்டு தேடி வரும்.