இணையர் வன்முறையை அளத்தலின் வரலாறும் பாலின வேறுபாடும்: வத்தல்மலையை முன்வைத்து

முன்னுரை

இளம் இணையரிடையே ஆணும் பெண்ணும் ஏறத்தாழ ஒரே அளவில் வன்முறையில் ஈடுபடுகின்றனர் என்னும் கருத்து, சமூகவியலில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது. தருமபுரி மாவட்டத்து வத்தல்மலை போன்ற மலையூர்களுக்கு இது பொருந்துமா என்பதை, அளவுகோல், சட்டம் ஆகியவற்றின் வரலாற்று வழியே இக்கட்டுரை நோக்குகிறது.

அளவுகோலின் வரலாறு

1979இல் அமெரிக்கச் சமூகவியலாளர் மரே ஸ்ட்ராஸ் வெளியிட்ட மோதல் உத்திகள் அளவுகோல், தள்ளுதல், அறைதல், உதைத்தல் முதலிய செயல்கள் எத்தனை முறை நிகழ்ந்தன என்று கேட்டது. அவ்வழி நடந்த கணக்கெடுப்புகள் பலவற்றில் இருபாலாரின் எண்ணிக்கையும் நெருங்கி நின்றது. காயத்தையும் அச்சத்தையும் நிகழ்வின் பின்னணியையும் இவ்வெண்ணிக்கை மறைக்கிறது என்று டோபாஷ் இணையர் மறுத்தனர். சச்சரவு முற்றி எழும் வன்முறை வேறு, துணையை அடக்கியாளும் தொடர் வன்முறை வேறு என 1995இல் மைக்கேல் ஜான்சன் பிரித்துக் காட்டினார். முன்னதில் இருபாலாரும் உளர். பின்னதைச் செய்வோர் பெரும்பாலும் ஆண்களே என்பது அவர் முடிவு.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), தமிழ்நாட்டில் 18–49 வயதுடைய மணமான பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியுள்ளனர். இந்திய அளவு 29.3. தாம் பட்ட வன்முறையைப் பற்றி ஆண்களிடம் அவ்வாய்வு கேட்பதில்லை. ஆதலால் இருபாலாரையும் ஒப்பிட இவ்வெண்கள் மட்டும் போதா. மணமாகாத இளம் இணையரின் நிலையும் இவற்றில் அடங்காது.

சட்டமும் மலைவழியும்

1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498அ பிரிவு சேர்ந்தது. 26.10.2006 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் (2005), சொல், மனம், பொருளாதாரம் சார்ந்த கொடுமைகளையும் வன்முறையாக ஏற்றது. திருமணத்தை ஒத்த உறவிலுள்ள பெண்ணுக்கும் காப்பளித்தது.

மலையாளிப் பழங்குடியினர் வாழும் வத்தல்மலைக்கு அண்மைக்காலம் வரை பேருந்து இல்லை. காவல் நிலையமும் நீதிமன்றமும் அடிவாரத்திற்கு அப்பால் இருந்தன. மலையாளிகளின் மரபில் குடும்பப் பிணக்குகளைத் தீர்ப்பவர்கள் ஊர்க்கவுண்டரும் மூத்த ஆடவருமே. அந்த அவையில் ஆண் தன் பங்காளிகளோடு அமர்கிறான்; மணமாகி வந்த பெண்ணோ கணவனின் உறவினர் முன் தனித்து நிற்கிறாள். இருவரும் ஒருவரையொருவர் அறைந்ததாகப் பதிவானாலும், அவர்கள் நிலை சமமன்று.

முடிவுரை

யார் எத்தனை முறை அடித்தார் என்னும் வினா தேவையே. ஆண் படும் துன்பமும் அதனால்தான் வெளிப்படும். ஆயினும் யார் அஞ்சினார், யாரால் வீட்டை விட்டு வெளியேற முடிந்தது, முறையிட எவ்வளவு தொலைவு நடக்க வேண்டியிருந்தது என்பனவும் உடன் கேட்கப்பட வேண்டும். மலையூர்களில் பாலின வேறுபாட்டை அறிய இவ்வினாக்களே முதன்மையானவை.